சதுப்பு அரக்கனை உருவாக்குதல்: சுயாதீனத் திகில் காமிக்ஸ் படைப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சதுப்பு நிலத்திலிருந்து எழுந்து வரும் அரக்கன் அமெரிக்கக் காமிக்ஸில் எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடமாடி வருகிறான். பெரிய பதிப்பகங்களின் கைவசம் இருக்கும் புகழ்பெற்ற பாத்திரங்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும், சிறு பதிப்பகங்களும் சொந்தச் செலவில் அச்சிடும் படைப்பாளிகளும் இந்த வகையை விடாமல் கையாண்டு வந்திருக்கிறார்கள். ஒரு தூரிகையும் ஒரு புட்டி மையும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். வண்ணம் இல்லாமலே கதை நிற்கும். நகரங்களையோ படைகளையோ வரைய வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதியே பலரைத் தவறான இடத்தில் தொடங்க வைக்கிறது. தசைபிடித்த மனித உருவம் ஒன்றை வரைந்து, அதன்மேல் பாசியையும் கொடிகளையும் தொங்கவிட்டால் அரக்கன் தயார் என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படிப் பிறக்கும் பாத்திரம் இரண்டாம் இதழிலேயே தடுமாறிவிடும், ஏனெனில் அது எதைத் தேடுகிறது, எதற்கு அஞ்சுகிறது, எங்கே போக முடியாது என்பதெல்லாம் அதைப் படைத்தவருக்கே தெரிந்திருக்காது.

இந்த வழிகாட்டியின் வரிசை வேறு. முதலில் நிலம், அடுத்து அந்த நிலத்தில் இறந்த மனிதர், அதற்குப் பிறகே உடல். நிலத்தைச் சரியாகத் தேர்ந்துகொண்டால், அரக்கனின் தோல், எலும்பு, நடை, பலவீனம், கதையின் காலம், மை பூசும் முறை ஆகிய அனைத்தும் அதிலிருந்தே கிடைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. இதை வெறும் கொள்கையாகச் சொல்லாமல், ஒரு மாதிரிப் பாத்திரத்தைப் படிப்படியாக உருவாக்கிக் காட்டுகிறேன்.

படி 1: முன்னோரை அறிந்துகொள்ளுங்கள்

இந்த வகையின் வேர் காமிக்ஸில் இல்லை, சிறுகதையில் இருக்கிறது. 1940 ஆகஸ்டில் ‘அன்னோன்’ இதழில் தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய ‘இட்’ என்ற கதையில், காட்டு மண்ணில் கிடந்த ஓர் எலும்புக்கூட்டைச் சுற்றி மக்கிய இலைதழைகள் திரண்டு உயிர்பெறுகின்றன. அந்த உயிரிடம் வன்மம் கிடையாது. அது அறியும் ஆவலில் கொல்கிறது. இறுதியில் ஓடும் நீரில் கரைந்துபோகிறது. இந்த இரண்டு பண்புகளும், அதாவது தீய எண்ணம் இல்லாத வன்முறையும் தனக்கு உயிர்தந்த இயற்கையாலேயே கரைக்கப்படும் உடலும், பின்னால் வந்த எல்லாச் சதுப்பு அரக்கர்களிடமும் ஏதோ ஒரு வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

காமிக்ஸில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது ‘தி ஹீப்’. ஹில்மன் நிறுவனத்தின் ‘ஏர் ஃபைட்டர்ஸ் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில், 1942 டிசம்பரில், கதாசிரியர் ஹாரி ஸ்டைனும் ஓவியர் மார்ட் லீவும் இதை அறிமுகப்படுத்தினார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானிய விமானியான பிரபு எரிக் ஃபான் எம்மல்மன் போலந்துச் சதுப்பு ஒன்றில் சுட்டு வீழ்த்தப்படுகிறான். வாழ வேண்டும் என்ற அவனுடைய வெறி உடல் அழிந்த பிறகும் அடங்காமல், ஆண்டுக்கணக்கில் செடிகொடிகளோடு கலந்து வேறோர் உயிராகிறது. ஒரு விமானச் சாகசக் கதையில் ஓரமாக வந்த இந்த உருவம் வாசகர்களின் மனத்தில் நின்றுவிட, 1946 முதல் ‘ஏர்பாய் காமிக்ஸ்’ இதழில் தனித்தொடராக வந்து 1953 வரை நீடித்தது.

1954-இல் காமிக்ஸ் கோட் என்ற தணிக்கை விதித்தொகுப்பு வந்ததும் திகில் இதழ்கள் முடங்கின. 1971-இல் விதிகள் தளர்த்தப்பட்ட அதே ஆண்டில், சில மாத இடைவெளிக்குள் மூன்று சதுப்பு அரக்கர்கள் வெளிவந்தார்கள். ஸ்கைவால்ட் என்ற சிறு நிறுவனம் ‘சைக்கோ’ என்ற கறுப்பு-வெள்ளை இதழில் ஹீப்பைப் புது வடிவில் கொண்டுவந்தது. மார்வெல் தன் ‘சாவேஜ் டேல்ஸ்’ முதல் இதழில் ‘மேன்-திங்’கை வெளியிட்டது. டிசி நிறுவனத்தின் ‘ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ்’ 92-ஆம் இதழில் லென் வீனும் பெர்னி ரைட்சனும் ‘ஸ்வாம்ப் திங்’கைப் படைத்தார்கள். மேன்-திங்கின் முதல் கதையில் பங்காற்றிய ஜெரி கான்வேயும் லென் வீனும் அப்போது ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள் என்பதை அறியும்போது, ஒரு காலகட்டத்தின் காற்றில் ஒரு கருத்து எப்படிப் பரவுகிறது என்பது புரியும். சுயாதீனப் படைப்பாளி கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: முதல் இரண்டும் கறுப்பு-வெள்ளைப் பத்திரிகை வடிவில் வந்தவை, அந்த வடிவம் தணிக்கை முத்திரைக்கு உட்பட்டதே அல்ல. இந்த அரக்கனுக்கும் கறுப்பு மைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது.

இவற்றில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், ஹவுஸ் ஆஃப் சீக்ரெட்ஸ் கதையைப் படியுங்கள். எட்டே பக்கங்கள். அலெக்ஸ் ஓல்சன் என்பவனை நண்பனே கொன்று சதுப்பில் புதைத்துவிட்டு, அவன் மனைவியை மணந்துகொள்கிறான். பிறகு அவளையும் கொல்ல முனையும்போது, சேற்றிலிருந்து எழுந்து வந்தவன் அவளைக் காப்பாற்றுகிறான். ஆனால் தன்னை யார் என்று சொல்ல அவனுக்குக் குரல் இல்லை; அவள் கண்களில் தெரிவது அச்சம் மட்டுமே. அவன் சதுப்புக்கே திரும்பிவிடுகிறான். கொலை, பழி, காதல் ஆகிய மூன்றும் எட்டுப் பக்கங்களுக்குள் அடங்கியதற்குக் காரணம், அரக்கனால் எதைச் செய்ய முடியாது என்பதை ஆசிரியர்கள் முதலிலேயே முடிவுசெய்திருந்ததுதான்.

படி 2: எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது

சட்டம் பற்றிய இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் தவிர்க்க இயலாது. சதுப்பில் இறந்தவன் தாவர உடலோடு திரும்பி வருகிறான் என்ற கருத்து எவருக்கும் சொந்தமில்லை. பதிப்புரிமை அக்கருத்தின் குறிப்பிட்ட வெளிப்பாட்டுக்கே உண்டு. 1971-இல் நிறுவனங்களின் பெயரில் வெளிவந்த கதைகளுக்கு அமெரிக்காவில் 95 ஆண்டுக் காப்பு இருக்கிறது, அதாவது 2066 இறுதிவரை. பெயர்களுக்கும் தோற்றங்களுக்கும் வணிக முத்திரைக் காப்பு தனியாக உண்டு என்பதால், மூக்கிடத்தில் மூன்று வேர்கள் தொங்கும் முகம், சிவந்த கண்களோடு பச்சைத் தசை உருவம் என்று பார்த்தவுடனே இன்னொருவரை நினைவூட்டும் கூறுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

1964-க்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்புகளுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காதவை எவரும் பயன்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டன. பழைய ஹில்மன் இதழ்கள் பல இன்று மின்வடிவில் தடையின்றிப் படிக்கக் கிடைப்பது இதனால்தான். ஹீப் பின்னாளில் எக்லிப்ஸ், இமேஜ் போன்ற பல பதிப்பகங்களின் பக்கங்களில் தோன்றியதற்கும் இந்தப் பின்னணி உதவியது. ஆனால் பிற்காலத்தவர் ஒவ்வொருவரும் சேர்த்த புதிய பெயர்களும் கதைகளும் அவரவர் உரிமை. பழையதை மீட்டெழுப்ப நினைத்தால், எந்த இதழில் எந்தக் கூறு முதலில் வந்தது என்று பட்டியலிட்டு, ஐயம் வந்தால் பதிப்புரிமை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். புதிய பாத்திரம் படைப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 3: ஒரே ஒரு சதுப்பைத் தேர்ந்தெடுங்கள்

பொதுவான ‘சதுப்பு’ என்று ஒன்று உலகில் இல்லை. மரங்கள் நிற்கும் வெள்ளக்காடு வேறு, நாணல் மட்டும் வளரும் புல்சதுப்பு வேறு, மழைநீரை மட்டுமே குடித்து வளரும் குளிர்நாட்டுப் பாசிச்சதுப்பு வேறு. உங்கள் அரக்கன் எதில் கிடந்தான் என்பதைப் பொறுத்தே அவன் உடல் அமையும். இதற்கு இரண்டு உண்மைச் சான்றுகள் போதும்.

டென்மார்க்கில் 1950-இல் கிடைத்த டோலுண்ட் மனிதனின் உடல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஆனாலும் முகத்தின் சுருக்கங்களும் தாடையின் முளைமயிரும் அப்படியே இருந்தன. குளிர்ச்சியும், உயிர்வளி இல்லாமையும், பாசி வெளியிடும் அமிலத்தன்மையும் சேர்ந்து தோலைப் பதனிட்டுவிடுகின்றன. அதே அமிலம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடக்கூடியது. புளோரிடாவில் 1982-இல் கண்டறியப்பட்ட விண்டோவர் குளத்தில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. அங்கே ஏழாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட 168 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அந்த நீரில் அமிலம் இல்லாததால் எலும்புகள் உறுதியாக நின்றன; தோலும் தசையும் போய்விட்டன; ஆனால் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகளுக்குள் மூளைத் திசு சுருங்கிய நிலையில் எஞ்சியிருந்தது.

ஒரு நிலம் முகத்தைக் காத்து எலும்பைக் கரைக்கிறது. இன்னொரு நிலம் முகத்தை அழித்து மூளையைக் காக்கிறது. முதல் வகையில் பிறக்கும் அரக்கனை அவன் உறவினர் பார்த்தவுடன் அடையாளம் காண்பார்கள், ஆனால் அவனால் நிமிர்ந்து நிற்க முடியாது. இரண்டாம் வகையில் பிறப்பவனுக்கு எல்லாம் நினைவிருக்கும், ஆனால் அவனை எவருக்கும் தெரியாது. இரண்டு நிலங்களும் இரண்டு வேறு கதைகளைக் கேட்கின்றன.

நம் மாதிரிக்கு ஜார்ஜியா மாநிலத்தின் தென்கோடியில் புளோரிடா எல்லையைத் தொட்டுக் கிடக்கும் ஓகஃபனோகி சதுப்பை எடுத்துக்கொள்வோம். மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான பீட் மண் அங்கே சில இடங்களில் நான்கு மீட்டருக்கும் மேல் தடிமன் கொண்டது. அதன் துண்டுகள் நீரின் மேல் மிதந்து தீவுகளாகின்றன. அவற்றின்மேல் நடந்தால் சற்றுத் தள்ளி நிற்கும் செடிகளும் அசையும். நீர் கடுந்தேநீரின் நிறத்தில் கறுத்திருக்கும், அமிலத்தன்மை மிகுந்தது, காற்றில்லாத வேளையில் கண்ணாடியாகிவிடும். சைப்ரஸ் மரங்களின் அடிப்பகுதி அகன்று விரிந்திருக்கும். அவற்றின் வேர்கள் முழங்கால்களைப் போல நீருக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். கிளைகளிலிருந்து நரைத்த தாடியாகத் தொங்குவதைப் பாசி என்று அழைத்தாலும், அது அன்னாசிக் குடும்பத்துத் தாவரம். அடியில் அழுகும் பொருட்களிலிருந்து மீத்தேன் குமிழிகள் எழுகின்றன. நம் ஊர்ப் பெரியவர்கள் சதுப்பு வெளிகளில் கண்டதாகச் சொல்லும் கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இந்தச் சதுப்பு வாயுவையே விளக்கமாகச் சொல்வதுண்டு.

இந்நிலத்துக்கு வரலாறும் உண்டு. 1891-இல் ஒரு நிறுவனம் இதை வாங்கிக் கால்வாய் வெட்டி வடித்துவிட முயன்று தோற்றது. 1909 முதல் 1927 வரை மரக்கம்பெனி ஒன்று நீருக்குள் தூண்கள் நட்டு ரயில் பாதை அமைத்துச் சைப்ரஸ் மரங்களை வெட்டி எடுத்தது. 1937-இல் இது வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1954-55-இல் கடும் வறட்சியில் சதுப்பின் பெரும்பகுதி எரிந்தது. பீட் மண் பற்றிக்கொண்டால் தரைக்கடியில் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் கனன்றுகொண்டே இருக்கும். இவ்வளவு தெரிந்த பிறகு கதையைத் தேடி அலைய வேண்டியதில்லை. யார் இறந்தார், எப்போது எழுந்தார் என்பது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

படி 4: இறந்தவரை எழுதுங்கள்

அரக்கனைப் பற்றி ஒரு வரி எழுதும் முன், அவன் மனிதனாக இருந்த காலத்தைப் பற்றி இரண்டு பக்கமாவது எழுதுங்கள். தொழில், கூலி, யாரோடு சாப்பிட்டான், கை எந்த வேலைக்குப் பழகியிருந்தது என்பவை இதில் இருக்க வேண்டும். விஞ்ஞானி, ஆய்வுக்கூடம், வெடிவிபத்து என்ற பாதை 1970-களிலேயே தேய்ந்துவிட்டது.

நம் மாதிரி: 1926-இல் ஓகஃபனோகியில் மரம் வெட்டிய ஒரு தொழிலாளி. இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நீண்ட ரம்பம்தான் அவன் கருவி. அந்த ரம்பத்தைத் தனியாக ஓட்டுவது பெரும்பாடு. நீ இழு, பிறகு விட்டுக்கொடு, அவன் இழுப்பான் என்ற தாளத்தில்தான் வேலை நடக்கும். எதிர்முனையைப் பிடித்திருந்த கூட்டாளியே ஒரு நாள் மரத்தை அவன்மேல் சாயவிட்டு, உடலைப் பீட் மண்ணுக்குள் அழுத்திவிட்டுப் போய்விடுகிறான். இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, வறட்சியில் நீர் இறங்கி மண் எரியும்போது, புதைந்தது வெளியே வருகிறது.

திரும்பி வந்ததிடம் மிச்சமிருப்பது என்ன? இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். முழு நினைவோடு வந்தால் அது வேடமிட்ட மனிதனே; எதுவுமே இல்லாமல் வந்தால் அது வெறும் விலங்கு. நம் அரக்கனிடம் எஞ்சியிருப்பது ஓர் அசைவு மட்டும். ரம்பத்தை இழுக்கிறது, பிறகு காத்திருக்கிறது. எதிர்ப்புறத்திலிருந்து யாராவது இழுக்க வேண்டும் என்று கை நீட்டியபடியே நிற்கிறது. வாசகரின் அச்சமும் இரக்கமும் அந்தக் காத்திருப்பில் ஒன்றாகிவிடும்.

கதாசிரியர் ஆலன் மூர் 1984-இல் ஸ்வாம்ப் திங் 21-ஆம் இதழில் இதே கேள்வியைத் தலைகீழாக்கினார். பிணப்பரிசோதனையில், நுரையீரல் போலவும் இதயம் போலவும் தோற்றமளிக்கும் தாவர உறுப்புகள் எதுவும் இயங்கவே இல்லை என்று தெரியவருகிறது. அது தாவரமாக மாறிய மனிதன் அல்ல, தன்னை மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்த தாவரம். அந்தத் திருப்பத்தை இனி எவரும் மறுபடி செய்ய முடியாது. ஆனால் உடற்கூற்றையே கதையாக்கலாம் என்ற பாடம் எல்லோருக்கும் உரியது.

படி 5: உடலின் விதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

விதிகள் குறைவாகவும் மீறப்படாதவையாகவும் இருக்க வேண்டும். ஹீப் முதல் கதையில் தனக்குத் தேவையான உயிர்வளியை விலங்குகளின் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டது. மேன்-திங்கின் தொடுகையில் அஞ்சுவோர் எரிந்துபோவார்கள். அது உணர்ச்சிகளை மட்டுமே அறியும். ஸ்டீவ் கெர்பர் எழுதிய இதழ்கள் இந்த ஒரே விதியிலிருந்து கதைக்குமேல் கதையாக விளைந்தவை.

நம் அரக்கனுக்கான விதிகள் நிலத்திலிருந்தே வருகின்றன. அமில நீர் தோலைக் கரும்பழுப்புத் தோற்பதமாக்கி, தலைமயிரைச் செம்பழுப்பாக மாற்றிவிட்டது. எலும்பு இளகிவிட்டதால் அதன் இடத்தைச் சைப்ரஸ் வேர்கள் பிடித்துக்கொண்டன. எனவே அது நடக்கும்போது மூட்டுகள் மனித மூட்டுகளின் இடத்தில் மடங்குவதில்லை. நீர் இருக்கும்வரை உடல் ஊறிக் கனக்கும், கரையேறினால் ஒரு மணி நேரத்தில் சுருங்கி வெடிக்கத் தொடங்கும். அதன் உடல் பீட் மண் என்பதால், ஒரு தீப்பொறி பட்டாலும் வெளியே சுடர் தெரியாமல் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். அது ஓடாது, பேசாது, சதுப்பின் எல்லையிலிருந்து அதிக தூரம் போகாது. இந்தத் தாளை வரைமேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். கதை சிக்கிக்கொள்ளும்போது புதிய சக்தி ஒன்றைக் கொடுத்து விடுவிக்கும் ஆசை நிச்சயம் வரும்.

படி 6: உருவத்தை வரையுங்கள்

முதல் வரைபடங்களில் விவரம் எதுவும் வேண்டாம். முழுக்கக் கறுப்பு நிழலுருவாகப் பத்து வடிவங்கள் வரைந்து, இரண்டு சென்டிமீட்டர் உயரத்திலும் அடையாளம் தெரிவதை மட்டும் தேர்ந்தெடுங்கள். தோள் அகன்று இடுப்பு ஒடுங்கிய வீரர் உருவத்தை இங்கே முற்றிலும் விலக்கலாம். சைப்ரஸ் மரம் அடிபெருத்து மேலே ஒடுங்குவது. நம் அரக்கனும் அப்படியே, தொடைக்குக் கீழே அகன்று தலைக்குப் போகப் போகச் சிறுக்கட்டும். அசையாமல் நின்றால் மரங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும் என்பதால், பக்கத்துக்குப் பக்கம் வாசகர் அதைத் தேடுவார்.

முகத்தில் எதை விட்டுவைப்பது என்பது கடினமான முடிவு. கண்கள் தெளிவாகத் தெரிந்தால் இரக்கம் கூடும், அச்சம் குறையும். நான் ஒரு கண்ணை மட்டும், அதுவும் மூடிய இமையோடு விட்டுவைப்பேன். டோலுண்ட் மனிதனின் முகத்தில் நம்மைக் கலங்கவைப்பது அந்த மூடிய இமைகளின் அமைதிதான். வாய் வேண்டாம். கைகள் மனிதக் கைகளாகவே இருக்கட்டும், ஏனென்றால் கதை முழுவதும் அவற்றில்தான் நிற்கிறது. முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் ஆகியவற்றோடு, ஊறிய நிலை, காய்ந்த நிலை, உள்ளே கனலும் நிலை என்று மூன்று மாதிரித் தாள்களையும் வரைந்துவைத்தால் எந்தப் பக்கத்திலும் தோற்றம் பிசகாது.

படி 7: எட்டுப் பக்கக் கதையில் சோதியுங்கள்

புதிய பாத்திரத்துக்கு ஆறு இதழ்த் தொடரைத் திட்டமிடுவது பேராசை. எட்டுப் பக்கக் கதை ஒன்றை முடித்துப் பாருங்கள். அச்சிட்ட காமிக்ஸில் முதல் பக்கம் வலப்புறம் வரும். இரட்டை எண் பக்கங்கள் தாளைப் புரட்டியவுடன் கண்ணில் படும். அதிர்ச்சிகளை இரட்டை எண் பக்கங்களிலும், அவற்றுக்கு முந்தைய தயக்கங்களை ஒற்றை எண் பக்கத்தின் கடைசிக் கட்டத்திலும் வையுங்கள்.

நம் கதையின் முதல் பக்கத்தில் புகையும் வறண்ட சதுப்பும் மட்டுமே, மனிதர் இல்லை. புரட்டினால், வெடித்த பீட் தரையில் துருவேறிய ரம்பத்தின் ஒரு கைப்பிடி. மூன்றாம் பக்கத்தில், சதுப்பின் ஓரத்தில் தனியாக வாழும் ஐம்பத்தைந்து வயதுக் கூட்டாளி இரவில் ஓர் ஓசையைக் கேட்கிறான்: ஓர் இழுப்பு, நீண்ட மௌனம், மறுபடி ஓர் இழுப்பு. நான்காவதில் பாதி அறுபட்ட மரம் பகல் வெளிச்சத்தில் நிற்கிறது. அறுத்த தடம் ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. அதன் பொருள் அவன் ஒருவனுக்கே தெரியும். ஐந்தாவதில் அவன் விளக்கோடு உள்ளே போகிறான், ஆறாவதில் முழுப்பக்கத்தில் அரக்கன், மரங்களோடு மரமாக நின்று ஒரு கையை நீட்டியபடி. ஏழாவதில் பேச்சே இல்லாத ஒன்பது சிறு கட்டங்கள்: நீட்டிய கைப்பிடி, அவன் முகம், மீண்டும் கைப்பிடி, அணையும் விளக்கு. எட்டாவதில் தீயணைக்க வந்தவர்கள் சாய்ந்து கிடக்கும் மரத்தைக் காண்கிறார்கள்; தடம் இப்போது நேராக இருக்கிறது, ரம்பத்தின் இரண்டு பிடிகளும் ஈரமாக இருக்கின்றன.

அரக்கன் யாரையும் அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். குற்றவாளி தன் குற்றத்தின் எதிர்முனையைத் தானே பிடிக்க நேர்வதுதான் இங்கே திகில். சதுப்பு அரக்கன் கதைகளில் கைகலப்புப் பக்கங்கள் பெரும்பாலும் வீண் என்றே நான் கருதுகிறேன்.

படி 8: மை

ஓவியர் பலர் பயன்படுத்தும் அளவு 11 அங்குலத்துக்கு 17 அங்குலம் கொண்ட பிரிஸ்டல் என்ற தடித்த வரைதாள். அதில் 10-க்கு 15 அங்குலப் பரப்பில் படம் வரும். அச்சில் இது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும் என்பதால், மிக நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்பாகிவிடும். ஸ்வாம்ப் திங்குக்கு மை பூசிய ஜான் டோட்டில்பென் போன்றோரின் நுண்கோட்டு வேலையைப் பின்பற்ற விரும்புவோர் சுருக்கிய நகல் எடுத்துப் பார்த்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

சதுப்பின் கோடுகளை மூன்று திசைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொங்கும் தாவரங்களும் மரங்களும் செங்குத்துக் கோடுகள். நீர் கிடைக்கோடு. அரக்கன் அசையும்போது மட்டும் சாய்வுக்கோடு. இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தால், எவ்வளவு நெருக்கமான காட்சியிலும் வாசகரின் கண் அசைவைத் தானே கண்டுபிடித்துவிடும். அரக்கன் நின்றவுடன் அதன் கோடுகளும் செங்குத்தாக மாறி அது மறைந்துபோகும்.

நீரைக் கோடுகளால் நிரப்பாதீர்கள். கறுநீரை முழுக்கறுப்பாக அடித்துவிட்டு, மரங்களின் பிரதிபலிப்பை மட்டும் வெள்ளையாக விட்டுவையுங்கள். கரையின் உருவத்தை விடப் பிரதிபலிப்பின் ஓரம் சற்று நடுங்கட்டும். ஈரமான உடலுக்குக் கூர்மையான சிறு வெள்ளைப் புள்ளிகளும், காய்ந்த உடலுக்கு ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் இழுத்த சொரசொரப்பும் பொருந்தும். புகைக்குப் பஞ்சுத்துண்டு, தெறிக்கும் சேற்றுக்குப் பழைய பல்துலக்கி, நீர்மேல் ஒளிக்கோட்டுக்குச் சவரத்தகட்டால் சுரண்டுவது ஆகியவை பழைய ஓவியர்களின் கைவழக்கங்கள். கணினியில் வரைவோரும் இவற்றைத் தாளில் செய்து வருடியெடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டோவியப் பக்கங்களைக் குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் வருடுங்கள்.

படி 9: எழுத்தும் ஓசையும்

பேசாத பாத்திரத்துக்காக விவரிப்புப் பெட்டிகளை நிரப்பிவிடும் பழக்கம் 1970-களில் இருந்தது. நல்ல கையில் அது பொலிந்தது. இன்று எழுதுவோர் படம் சொல்வதையே பெட்டியும் சொல்கிறதா என்று ஒவ்வொரு வரியையும் சோதிக்க வேண்டும். அரக்கன் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், கரடுமுரடான ஓரம் கொண்ட தனிப் பலூனும் இடைவெளி விட்ட சொற்களும் ஸ்வாம்ப் திங்கிலேயே நிலைபெற்றுவிட்டன. வேறு வழி காணுங்கள். நம் கதையில் ரம்பத்தின் ஓசை மட்டுமே அதன் பேச்சு என்பதால், அந்த ஓசை எழுத்துகளை ஓவியரே கையால் மரத்தூள் சிதறுவதுபோல வரைவது நல்லது. மௌனத்தைக் காட்ட, ஒரே காட்சியை ஓசையில்லாமல் அடுத்த கட்டத்திலும் வரைந்தால் போதும்.

படி 10: அச்சும் உரிமையும்

நடுமடிப்பில் கம்பிப் பின் அடித்த காமிக்ஸின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எட்டுப் பக்கக் கதையோடு மாதிரித் தாள்கள், நிலத்தைப் பற்றிய குறிப்பு, சிறு உரைநடைக் கதை ஒன்று ஆகியவற்றைச் சேர்த்தால் பதினாறு பக்க முதல் இதழ் கிடைத்துவிடும். அமெரிக்க இதழின் வழக்கமான அளவு 6.625 அங்குல அகலமும் 10.25 அங்குல உயரமும். கறுப்பு மிகுந்த பக்கங்களுக்குப் பளபளப்பில்லாத, சற்றுத் தடித்த தாளைக் கேளுங்கள். மெல்லிய தாளில் மறுபக்கத்துக் கறுநீர் ஊடே தெரிந்து பக்கத்தைக் கெடுத்துவிடும். முழுவதும் அச்சிடும் முன் ஒரே ஒரு சோதனைப் பிரதியை வாங்கிப் பாருங்கள்.

கதாசிரியரும் ஓவியரும் வெவ்வேறு நபர்கள் என்றால், பாத்திரத்தின் உரிமை யாருக்கு எவ்வளவு, ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா, மூலப் பக்கங்கள் யாரிடம் இருக்கும் ஆகியவற்றை முதல் கோடு வரையும் முன்பே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வாம்ப் திங்கை வரைந்து புகழ்பெற்ற ஸ்டீவன் பிசெட் பின்னர் சுயாதீனப் பாதைக்கு வந்து, 1988-இல் ‘டாபூ’ என்ற திகில் தொகுப்பைத் தொடங்கினார். படைப்பாளிகளின் உரிமைச் சாசனம் ஒன்றைப் பல ஓவியர்கள் கூடி வகுத்ததும் அதே ஆண்டில்தான். இந்த அரக்கனை வரைந்த கைகளே அந்த உரிமைக்காகவும் உழைத்தன என்பது எனக்கு மிகுந்த மதிப்பைத் தருகிறது.

முதல் இதழை அச்சுக்கு அனுப்பும் முன், இரண்டாம் கதையின் எட்டுப் பக்கங்களையும் பென்சில் அளவிலாவது முடித்துவிடுங்கள். அதில் மழைக்காலத்தை எடுத்துக்கொள்ளலாம்: நீர் ஏறிவிட்டது, தீ அணைந்துவிட்டது, அரக்கனின் உடல் ஊறிக் கனத்திருக்கிறது, பழைய ரயில் பாதையின் தூண்கள் ஒவ்வொன்றாக நீருக்குள் மறைகின்றன. முதல் கதைக்காக எழுதிய விதித்தாள் இந்தப் புதிய பருவத்திலும் செல்லுபடியானால் தொடர் தயார். செல்லாவிட்டால், திருத்த வேண்டிய விதி எது என்பது இப்போதே தெரிந்துவிடும், முதல் இதழில் அதைச் சரிசெய்யவும் நேரம் இருக்கும்.